பெட்டியை உள்ளே தள்ளு

அந்த லாத்தாவுக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். சாதாரண நாளில் யாரையும் நீ, வா, போ என்றுதான் பேசுவார். ஒரு நாள் பொரித்து வைத்த மீனைப் பூனை தின்றுவிட்டது. கதவுக்குப் பின்னால் அவர் பூனையோடு பேசிக்கொண்டிருந்தது வாசற்படியில் நின்ற எனக்குக் கேட்டது.

"வயிறு நெறஞ்சுதுங்களா? ஒக்காருங்க, சோறும் எடுத்துட்டு வரேன். வெறும் மீனு ஒடம்புக்கு ஆவாதுங்க."

அடுத்த நொடி பூனை சுவர் தாண்டி ஓடியது. அதன் பின்னால் ஓர் அகப்பை பறந்து வந்து தெருவில் விழுந்தது. எடுத்துக் கதவிடுக்கில் நீட்டினேன். "எண்ணெய், நீ எப்ப வந்தே?" என்று சாதாரணமாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தத் தெருவில் எனக்குப் பெயர் கிடையாது. மண்ணெண்ணெய் வண்டி தள்ளிக்கொண்டு போனதால் எண்ணெய்.

அவருடைய முகத்தை நான் பார்த்ததில்லை. காரைக்காலில் அந்தத் தெரு முழுக்க முஸ்லிம் வீடுகள். பெண்கள் வேற்று ஆண்கள் எதிரே வரமாட்டார்கள். கதவிடுக்கில் வரும் கையும் அதற்குப் பின்னாலிருந்து வரும் குரலும்தான் எனக்குத் தெரிந்த லாத்தா. மூத்த சகோதரியை அங்கே லாத்தா என்பார்கள். தெருவே அவரை அப்படித்தான் கூப்பிட்டது, நானும் கூப்பிட்டேன். வலது கை ஆள்காட்டி விரலின் நுனி ஊசி குத்திக் குத்திக் கறுத்துத் தடித்திருக்கும். அந்த விரலை எங்கே பார்த்தாலும் இன்றைக்கும் அடையாளம் சொல்வேன். அவரை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. யார் மேல் என்பது மட்டும் வருஷத்துக்கு வருஷம் மாறிக்கொண்டு வந்திருக்கிறது.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். மன்னார்குடிப் பக்கம் செங்கல் சூளை, நெரவியில் ஒரு போகம் கதிரடிப்பு, கருக்களாச்சேரியில் கருவாட்டு மூட்டை என்று கைக்கு வந்ததைச் செய்துகொண்டு திரிந்தேன். பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போன மறு வருஷம் காரைக்கால் ஊருக்குள் வந்து சேர்ந்தேன். எண்ணெய்க் கிடங்குக்காரர் வண்டியையும் ஒரு தகரப் படியையும் கொடுத்தார். படியின் அடிப்பகுதி உள்பக்கமாகக் கொஞ்சம் தட்டிவிடப்பட்டிருந்தது. எதற்கென்று எனக்குத் தெரியும். தட்டியவன் நானில்லை என்று சொல்லிக்கொண்டு அளந்தேன்.

இரண்டாவது வாரம் லாத்தா படியை உள்ளே கேட்டு வாங்கினார். தன் வீட்டுப் படியில் தண்ணீர் நிரப்பி இதில் ஊற்றிப் பார்த்திருக்கிறார். மிச்சத் தண்ணீர் வழிந்து வாசல்வரை வந்தது.

"படிக்கு அடியில நல்லா அடிபட்டிருக்கு போல இருக்குதுங்களே. மருந்து ஏதாச்சும் போட்டீங்களா?" என்றார்.

படியை வாங்கிக்கொண்டு வண்டியைத் தள்ளினேன். மறுநாள் அந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் எண்ணெய் வாங்கவில்லை. அங்கே வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் கொல்லைச் சுவரில் ஆள் குனிந்து போகிற அளவுக்குச் சின்னக் கதவு வைத்திருப்பார்கள். பெண்கள் தெருவில் கால் வைக்காமலே பதினொரு வீடும் போய் வரலாம். லாத்தா ஒரு சாயங்காலத்தில் பதினொரு வீடும் போய் வந்திருக்கிறார். கிடங்குக்காரர் புதுப்படி வாங்கிக் கொடுக்கும்வரை ஆறு நாள் நான் வண்டியை நிறைத்துக்கொண்டு போய் நிறைத்துக்கொண்டே திரும்பினேன். ஆறு நாளும் கூலி இல்லை. எனக்கு அவர் மேல் வந்த முதல் கோபம் அது.

அவருடைய நிலைமை தெருவுக்கே தெரியும், எண்ணெய்க்காரனுக்கும் தெரிந்தது. புருஷன் சைகோனில் துணிக்கடையில் இருந்தார். போய் எட்டு வருஷம். முதல் மூன்று நான்கு வருஷம் கடிதமும் பணமும் வந்தன. பிறகு அங்கே சண்டை என்றார்கள், கப்பல் இல்லை என்றார்கள், கடிதம் நின்றது. லாத்தா தம்பி வீட்டில் பின்கட்டு அறை ஒன்றில் இருந்தார். தாய் போன பிறகு இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. அந்தத் தம்பி பிரெஞ்சுக் கொடி இருந்தவரை இறக்குமதிச் சரக்குக் கடை ஒன்றில் குமாஸ்தா. கொடி இறங்கியது, கடையும் படுத்தது. அதன்பிறகு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காலையில் போய் மதியம் சாப்பாட்டுக்கு வருவார். எங்கே போகிறார் என்று யாரும் கேட்கவில்லை.

தம்பி பெண்டாட்டிக்கு லாத்தா இருப்பது பிடிக்கவில்லை. பிடிக்காததை அந்த அம்மாள் மறைக்கவும் இல்லை. ஒரு மதியம் நான் எண்ணெய் அளந்துகொண்டிருக்கும்போது உள்ளே தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. "தண்டச்சோத்துக்கு மீனோட நடுத்துண்டு வேணுமாக்கும்" என்றாள். தம்பி அங்கேதான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் இருமுவதுகூடக் கேட்டது. பேசவில்லை. லாத்தா மெதுவாக, "நடுத்துண்ட நீங்க எடுத்துக்குங்க மச்சி. முள்ளு எனக்குப் பழக்கம்ங்க" என்றார்.

அவர் ஊசி வேலை செய்வார் என்பது விரலைப் பார்த்து எனக்குத் தெரியும். என்ன செய்கிறார் என்று தெரியாது. வருஷத்தில் நாலைந்து தடவை ஒரு பொட்டலம் கட்டித் தம்பியிடம் கொடுப்பார், சைகோன் போகிற ஆள் யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொல்லி. தம்பியும் கொடுத்தாயிற்று என்பார். கடிதம் எழுதுவதும் தம்பிதான். லாத்தாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, அரபு எழுத்துத்தான் தெரியும். லாத்தா சொல்லச் சொல்ல அவர் எழுதி, பிரெஞ்சில் விலாசம் போட்டு எடுத்துக்கொண்டு போவார். தம்பி எதிரே உட்கார்ந்திருக்கும்போது பெண்சாதி புருஷனுக்கு என்ன சொல்லிவிட முடியும்? நலம், நலமறிய ஆவல், அவ்வளவுதான்.

எண்ணெய் வண்டியை நான் மூன்று வருஷம் தள்ளினேன். முதுகு பிடித்துக்கொண்டபோது விட்டுவிட்டு நாகப்பட்டினம் போனேன். அங்கே ஒரு கைவேலைச் சாமான் கடையில் ஆள் தேவைப்பட்டது. தலையணை உறை, மேசை விரிப்பு, பின்னல் தொப்பி, பாசிமணிப் பை, ஓலைப்பெட்டி. முதலாளி ஊர் ஊராக ஆள் விட்டு வாங்கிச் சென்னைக்கு அனுப்புவார். அப்போது அவருக்குப் புது யோசனை ஒன்று வந்திருந்தது. கடைத்தெருவுக்கு வராத பெண்கள் வாங்குவதில்லையே, அவர்களுக்கு வீட்டுக்குள்ளேயே விற்றால் என்ன? தெருவுக்கு ஒரு பெண்ணை வீட்டு ஏஜெண்டாகப் போடுவது. மாதிரிச் சாமான்களைத் தகரப்பெட்டியில் கொடுத்துவிடுவது. அவள் தன் வீட்டில் வைத்துக் காட்ட வேண்டும், கேட்பவர்களுக்கு வரவழைத்துக் கொடுக்க வேண்டும், விற்றதில் கமிஷன். ஆண்பிள்ளை ஒருவரின் ஜாமீன் கையெழுத்து வேண்டும். பெண்ணைப் பிடிப்பதும் பெட்டியைத் தூக்குவதும் என் வேலை. "எண்ணெய் வித்த தெருவெல்லாம் ஒனக்குப் பழக்கந்தானே" என்றார் முதலாளி. எனக்கு உடனே லாத்தாதான் நினைவுக்கு வந்தார். ஒரு சாயங்காலத்தில் பதினொரு வீட்டையும் எண்ணெய் வாங்காமல் நிறுத்தியவர், வாங்கவும் வைப்பார்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் கடையின் பின்கட்டில் லாத்தாவின் தம்பியைப் பார்த்தேன். முதலாளியின் மேசை மேல் ஒரு பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் துணியும் பச்சை நூலும் தெரிந்தன. என்னைக் கண்டதும் முகம் மாறிவிட்டது. வெளியே வந்து டீயும் ரெண்டு பட்டர் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்தார். "இங்க பார்த்தத வூட்டுப் பக்கம் சொல்ல வேணாம்" என்றார். என்ன, ஏன் என்று நான் கேட்கவில்லை. பெண்டாட்டி தைத்ததை விற்கிறார், வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். கேட்காமலிருப்பதால்தான் எனக்குப் பாதி வேலைகள் கிடைத்திருக்கின்றன.

ஏஜெண்டு விஷயத்தை லாத்தாவிடம் முதல் தடவை சொன்னேன். கதவுக்குப் பின்னால் வெங்காயம் அரிகிற சத்தம் நிற்காமல் கேட்டது. முடிந்ததும், "எண்ணெய், இதுல படி நசுங்குன எடம் எது?" என்று கேட்டார்.

இரண்டாம் தடவை கேள்விகளைச் சேர்த்து வைத்திருந்தார். விற்காத சாமான் யார் தலையில் விழும்? பார்க்கிறபோது குழந்தை எச்சில் பண்ணிவிட்டால்? விலை அவர் சொல்வதா, நான் சொல்வதா? பேரம் பேசினால் குறைக்க யாருக்கு அதிகாரம்? ரசீதில் யார் பெயர்? ஜாமீன் போடுகிற ஆணின் பெயரில் போடுவார்கள் என்றேன். "விக்கிறது நானு, பேரு அவனுதா?" என்றார். முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டேன். முதலாளிக்கு எரிச்சல். இருந்தாலும் அந்தத் தெருவில் நுழைய வேறு வழியில்லை, பார்க்கலாம் என்றார்.

நாகப்பட்டினத்துக்கும் காரைக்காலுக்கும் நான் ஆறு தடவை அலைந்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு சந்தேகம் பாக்கி இருக்கும். நாலாவது தடவை பொறுமை போய், வேண்டுமா வேண்டாமா என்று ஒரு வார்த்தையில் சொல்லுங்கள், எனக்கு வேறு தெரு இருக்கிறது என்று கேட்டுவிட்டேன்.

"தெருக்கோடியில ரெண்டு ரூம்பு வூடு ஒண்ணு பூட்டிக் கெடக்கு. பார்த்திருக்கியா?"

"பார்த்திருக்கேன்."

"அதுல எனக்குன்னு ஒரு அடுப்பு வைக்கணும். நானா ஒலை வச்சு, நானா வடிச்சு, நடுத்துண்ட நானே தின்னணும். இந்தப் பெட்டியால அது ஆவுமா, இல்ல இருக்குற அறையும் போயிடுமா? அதத்தான் யோசிக்கிறேன். ஒனக்கு வேற தெரு இருக்குது. எனக்கு வேற வூடு இல்ல."

தம்பியோ ஒரே பிடிவாதமாக வேண்டாம் என்றார். நம் வீட்டுப் பெண் வியாபாரம் பண்ணினாள் என்று பேச்சு வரக்கூடாதாம். ஜாமீன் கையெழுத்துக்கு ஒப்பவே இல்லை. தம்பி பெண்டாட்டிக்கு மட்டும் சந்தோஷம், எப்படியாவது அறை காலியாகுமென்று. லாத்தா கடைசியில் சொன்னார்: "சாமானப் பார்க்காம நான் எதுவும் சொல்ல மாட்டேன். பெட்டிய எடுத்துட்டு வா."

ஏழாவது தடவை தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தேன். நல்ல வெயில். வாசற்படியில் இறக்கினேன்.

"பெட்டியை உள்ளே தள்ளு" என்றார்.

தள்ளினேன். கதவு பாதி சாத்திக்கொண்டது. மூடி திறக்கும் சத்தம், துணிகள் ஒவ்வொன்றாக எடுக்கப்படும் சத்தம். பாசிமணிப் பையைப் பார்த்துச் சிரித்தார், இதை எலிகூட வாங்காது என்று. ஓலைப்பெட்டி ஒன்றைத் தரையில் தட்டிப் பார்த்து இது போலகம் கிராமத்து வேலை என்றார். நான் நல்ல சமயம் என்று பெட்டியிலேயே விலை உயர்ந்த சாமானைப் பற்றிச் சொன்னேன். அடியில் மூன்று தலையணை உறைகள் இருக்கும், ஓரத்தில் பச்சைக் கொடி ஓடும், கொடிக்கு நடுவில் அரபு எழுத்துமாதிரி பூவேலை. முதலாளி எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார்: அது அரபு நாட்டு வேலை, ஆசீர்வாத வாக்கியம், தலைக்குக் கீழே இருந்தால் வீட்டுக்கு நல்லது. சென்னையில் பங்களாக்காரர்கள் கேட்டு வாங்குகிறார்கள். அப்படியே ஒப்பித்தேன்.

உறை ஒன்றை உதறி விரிக்கும் சத்தம் கேட்டது.

"இதுல இருக்கறது என்னான்னு ஒங்க மொதலாளி படிச்சுப் பார்த்தாருங்களா?" என்று கேட்டார்.

பூனைக்கும் படிக்கும் வந்த மரியாதை.

"அது படிக்கற எழுத்து இல்லைன்னாருங்க."

"ஓதற வாக்கியத்த யாராச்சும் தலைக்குக் கீழ போடுவாங்களா? அதுகூடத் தெரியாம யாவாரம் பண்றாருங்களே." பிறகு படித்தார். குர்ஆன் ஓதுகிற குரலில் இல்லை, மளிகைச் சாமான் சொல்லுகிற குரலில். "'கொல்லச் செவுரு விழுந்துடுச்சு. ஆடு பூந்து முருங்கையத் தின்னுது. தம்பி கட்டித் தர மாட்டேங்குறான். ஒரு வரி எழுத ஒங்களுக்குக் கை இல்லையா மச்சான்?' இது மூணு வருஷத்துக்கு முந்தி, மழைக்காலத்துல நான் தச்சது. அடுத்ததும் படிக்கட்டுங்களா?"

அரபு எழுத்து, தமிழ்ப் பேச்சு. அந்தத் தெருப் பெண்கள் எல்லாருக்கும் எழுதத் தெரிந்த அரபுத் தமிழ். தம்பி எழுதுகிற கடிதத்தில் சொல்ல முடியாததையெல்லாம் அவர் ஊசியால் எழுதிக் கொடிக்குள் ஒளித்துச் சைகோனுக்கு அனுப்பியிருக்கிறார். நாலு வருஷம். அவ்வளவும் புருஷனோடு போட்ட சண்டை. தம்பி பொட்டலத்தைப் பிரித்தாரே ஒழிய ஒருநாளும் விரித்துப் படிக்கவில்லை. முதலாளிக்கு அது பூ. எனக்கும் பூ.

இதுபோல எத்தனை போயிருக்கும் என்று கேட்டார். கடைச் சிட்டையில் பார்த்த கணக்குக்கு இருபதுக்கு மேல் இருக்கும் என்றேன். எங்கே என்றார். சென்னைக்கு என்றேன்.

"எவன் எவனோ எஞ் சண்ட மேல தலைய வச்சுத் தூங்கியிருக்கான்" என்றார்.

அந்த மூன்றும் சென்னைக்குப் போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவற்றைப் படிக்கத் தெரிந்த பதினொரு வீட்டுக்குக் காட்டச் சொல்லி நான் அவரிடமே சுமந்துகொண்டு வந்திருக்கிறேன்.

எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். பெட்டி உள்ளே இருந்தது. அந்த நேரம் தம்பி சாப்பாட்டுக்கு வந்துவிட்டார். என்னையும் திறந்த கதவையும் பார்த்துக்கொண்டே உள்ளே போனார். நான் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். பேச்சு ஒரு சொல் விடாமல் கேட்டது.

"வாங்க. ஒக்காருங்க. இது யாரு தச்சதுன்னு பார்த்துச் சொல்லுங்க."

தம்பி பார்த்த மாதிரி தெரியவில்லை. அந்த மாதிரிக் கொடி ஊரில் எத்தனையோ பேர் போடுகிறார்கள் என்றார்.

"கொல்லச் செவுரு விழுந்ததும் எத்தனையோ பேரு வூட்லங்களா?"

லாத்தாவின் குரல் கதவுப் பக்கம் வந்தது. "எண்ணெய், நீ அந்தக் கடையிலதானே இருக்கே. இவரு அங்க பொட்டலம் கொண்டாந்தத நீ பார்த்தியா?"

தம்பியும் கதவருகே வந்து நின்றார். என்னையே பார்த்தார். அவர் முதலாளிக்கு வேண்டியவர். முதலாளி சோறு போடுகிறவர். முதுகுவலியோடு மறுபடி வண்டி தள்ளவோ மூட்டை தூக்கவோ என்னால் முடியாது. இவ்வளவையும் நான் நினைத்தேன் என்று சொன்னால் அது பொய். ஒன்றையும் நினைக்கவில்லை, வாய் தானாகச் சொன்னது.

"நான் கவனிக்கலீங்க."

"சரி" என்றார் லாத்தா.

தம்பிக்கு அதில் தைரியம் வந்திருக்க வேண்டும், அல்லது இனி மறைப்பதில் பயனில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். கத்தினார். "அனுப்பி என்னா பிரயோசனம்? மச்சான் அங்க வேற நிக்காஹ் பண்ணி அஞ்சு வருஷம் ஆவுது. ரெண்டு புள்ள இருக்கு. ஊருல எல்லா ஆம்பளைக்கும் தெரியும். ஒங்கிட்ட யாரு வந்து சொல்றது? நீ தச்சுக்கிட்டாச்சும் இருன்னு விட்டேன்."

அழுகைச் சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"அது அவருகிட்ட பேச வேண்டியது. இப்ப ஒங்ககிட்ட பேசறேன். வித்த காசு எங்கங்க போச்சு?"

"எங்க போவும்? எனக்கு வேலை ஏது? இந்த வூட்டுல ஒல கொதிச்சுதுல்ல, அது எதுலன்னு நெனச்சே?"

"அப்ப நாலு வருஷமா நான் தின்னது எஞ் சோறு."

"எல்லாருந்தான் தின்னோம்."

"எஞ் சோத்த என் தட்டுல போட்டுட்டுத் தண்டச்சோறுன்னு ஒங்க பொண்டாட்டி சொன்னாங்களே. அப்ப நீங்க பக்கத்துல ஒக்காந்து முள்ளு எடுத்துட்டு இருந்தீங்க. ஞாபகம் இருக்குதுங்களா?"

தம்பி பெண்டாட்டி உள்ளே எதையோ கீழே போட்டாள். லாத்தா, ஜாமீன் காகிதம் எங்கே என்று என்னைக் கேட்டார். எனக்குக் காதை நம்ப முடியவில்லை. இந்தப் பெட்டியைத் தூக்கித் தெருவில் எறிவார், அகப்பையைப் போல அதுவும் பறந்து வரும் என்று நினைத்திருந்தேன். உள்ளே நீட்டினேன்.

"கையெழுத்துப் போடுங்க."

போட்டார். பேனா கிறீச்சிட்ட சத்தம்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வெளியே வந்து, என்னைத் தாண்டித் தெருவில் இறங்கிப் போனார்.

"கோவத்துல வேணாம்னு சொல்லுவேன்னு நெனச்சியா?" என்றார் லாத்தா. "கோவத்துலதான் சரின்னு சொல்றேன். நாலு வருஷமா எங் கைக்கு என்னா வெலன்னு எவனும் சொல்லல. இந்த ஒறையில தொங்கற வெலச் சீட்டுல போட்டிருக்கான். இப்பத் தெரிஞ்சு போச்சு."

பிறகு என்னை அங்கேயே இருக்கச் சொன்னார். வெயில் படியை விட்டு இறங்கித் தெருவின் அந்தப் பக்கம் போகும்வரை இருந்தேன். உள்ளே ஊசி முனையால் நூலை நெம்பி இழுக்கிற சத்தம் மட்டும் வந்தது. மூன்று உறையிலும் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். கொடியை விட்டுவிட்டார். சாயங்காலத்து அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்த பிறகு மூன்றும் மடிப்புக் கலையாமல் பெட்டியோடு வெளியே வந்தன.

"துணிக்கு ஒங்க மொதலாளி காசு குடுத்துட்டாரு. பேச்சுக்குக் குடுக்கல. அது எங்கிட்ட இருக்கட்டும்."

முதலாளியிடம் மூன்று விஷயம் சொல்லச் சொன்னார். ஒன்று, ரசீது அவர் பெயரில் இருக்க வேண்டும். இரண்டு, இந்த வீட்டுக் கைவேலையை இனி அவர் கையால் தவிர வேறு யார் கொடுத்தாலும் வாங்கக்கூடாது. மூன்றாவது இது.

"பெட்டி கொண்டாற வேற ஆள அனுப்பச் சொல்லு."

அப்போதும் எனக்கு ங்க போடவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். உலர்ந்த துணியை எடு என்பதுபோலச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பஸ்ஸில் எனக்குக் கண் மண் தெரியாத கோபம். ஏழு தடவை அலைந்தவன் நான். விற்ற தம்பியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அதே கூரையின் கீழே இருக்கிறார். ஏமாற்றிய முதலாளியோடு வியாபாரம் பேசுகிறார். ஒரு பொய் சொன்னவனை மட்டும் வாசலை மிதிக்காதே என்கிறார். இது என்ன நியாயம் என்று வாஞ்சூர் எல்லை வரும்வரை பொருமினேன். தம்பியிடம் அவர் கணக்குக் கேட்டார், சாட்சியாக நிறுத்தவில்லை. என்னைத்தான் நிறுத்தினார். ஊரில் அத்தனை ஆண்களும் தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு ஆளிடம், ஒரே ஒரு தடவை, பார்த்தாயா என்று கேட்டார். அது எனக்கு உறைப்பதற்கு வெகு வருஷம் ஆயிற்று. அன்றைக்கு உறைக்கவில்லை, எரிந்தது.

அடுத்த நோன்புக்கு முன்பே லாத்தா தெருக்கோடி வீட்டைத் திறந்து அடுப்பு வைத்துவிட்டார் என்று பிறகு எண்ணெய்க் கிடங்கில் கேள்விப்பட்டேன்.

அன்று இரவு கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். முதலாளி தலையணை உறைகளை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். எழுத்து இருந்த இடமெல்லாம் ஊசித் துளைகள். விலை போச்சே என்று வாய்விட்டுப் புலம்பினார். அதைத் தைத்தவரே ஏஜெண்டு ஆகிறார் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. முதல் இரண்டு விஷயங்களையும் சொன்னேன். ரசீதுதானே, போடலாம் என்றார். தம்பிக்காரன் இனி எதற்கு, நேரே வருகிறதே என்றார்.

மூன்றாவதைச் சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. அவர் எழுதித் தரவில்லை. வாயால் சொன்னது, என் வாய் வழியாகத்தான் போயாக வேண்டும். அடுத்த தடவை நானே பெட்டியோடு போய் நின்றால், முதலாளி ஒப்பவில்லை என்று சொல்லிவிடலாம். கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பவன் சொல்வதைத்தானே அந்தப் பக்கம் இருப்பவர் நம்பியாக வேண்டும்.

சொன்னேன்.

"ஏன்டா, நீ என்ன பண்ணுனே?" என்றார் முதலாளி.

"பார்த்தத பார்க்கலைன்னு சொன்னேங்க."

அவருக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள அவசரமும் இல்லை. மறுநாள் காலை அந்தப் பெட்டியை வேறொருவன் தலையில் வைத்துக்கொண்டு காரைக்கால் பஸ் ஏறினான். கைப்பிடி கழன்று கையைக் கிழிக்கும், பார்த்துப் பிடி என்று அவனிடம் சொல்லிவிட்டு, நான் வேறு வேலை தேடித் திருவாரூர்ப் பக்கம் நடந்தேன்.